பதினாறு பேரும் ஒரு நோட்டும்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடம் முன்பு எங்கள் ஊரில் பதினாறு பெண்கள் சேர்ந்து சுய உதவிக் குழு ஆரம்பித்தோம். மாதம் 200 ரூபாய் சேமிப்பு, அதை வாரம் ஐம்பதாகக் கட்டுவோம். சேமிப்பிலிருந்து எங்களுக்குள்ளேயே கொடுக்கும் உள்கடனுக்கு ரெண்டு வட்டி. செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக் கூட்டம் முதல் இரண்டரை வருடம் தவறியதே இல்லை. பிறகு வங்கியில் 4,80,000 ரூபாய் கடன் வந்தது. சண்டை வரக் கூடாது என்று ஆளுக்கு 30,000 எனச் சமமாகப் பிரித்துக்கொண்டோம். இப்போது மாதம் ஒரு தடவை போய்த் தவணையைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம், பத்து நிமிடம்கூட ஆவதில்லை. முதலில் ஊக்குநராக, அதாவது குழுத் தலைவியாக இருந்த அக்காவே இன்றும் ஊக்குநர். கணக்கு நோட்டும் அவர் வீட்டில்தான். மேலத்தெருக்காரர்கள் ஐந்து பேர் தனிக் குழு வேண்டும் என்கிறார்கள். வயதான ஓர் அம்மா தன் இடத்தில் மருமகளைச் சேர்க்கச் சொல்கிறார். பயிற்சி கொடுக்க வந்தவர், எந்தக் குழுவும் நான்கு கட்டங்களைத் தாண்டும், நீங்கள் இரண்டாவதான மோதல் கட்டத்தில் இருக்கிறீர்கள், தானாகச் சரியாகும் என்றார். மனிதர்கள் 150 பேர் வரை குழுவாக இருக்க முடியும் என்றும் எங்கோ படித்தேன். பதினாறு பேருக்கே இந்தப் பாடு. ஒரு குழு எதனால்தான் நிற்கிறது?

எஸ். (பெயரும் ஊரும் வேண்டாம்)

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த நான்கு கட்டங்கள். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965ல் சொன்னது அது. சுமார் ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். அவற்றில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக்காகவும் பயிற்சிக்காகவும் கூட்டப்பட்ட குழுக்கள் பற்றியவை. அங்கே பொதுப் பணம் கிடையாது, ஒருத்தர் தவணைக்கு இன்னொருத்தர் பொறுப்பாவதும் கிடையாது. 1977ல் அவரே 'கலைதல்' என்று ஐந்தாவது கட்டம் ஒன்றையும் சேர்த்தார். பயிற்சிகளில் அதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உங்கள் நோட்டில் நிலுவை இருக்கிறது. நிலுவை எந்தக் கட்டத்திலும் தானாகச் சரியாகாது.

150 என்பது ராபின் டன்பார் சொன்ன கணக்கு. குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, ஒரு மனிதர் எத்தனை பேரோடு உறவைத் தொடர முடியும் என்று மதிப்பிட்டது. கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்பதற்கு அது ஒருவேளை உதவலாம். ஒரே பணப்பெட்டியை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவாது. உங்கள் குழுவுக்கு இருபதுக்கு மேல் ஆள் சேர்க்கக் கூடாது என்கிறார்களே, அந்த எண்ணுக்கும் மனித இயல்புக்கும்கூடச் சம்பந்தம் இல்லை. 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி இருபது பேருக்கு மேல் சேர்ந்து லாப நோக்கில் தொழில் செய்தால் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. பதிவில்லாமலே இயங்க வேண்டும் என்பதற்காகத்தான் குழுக்களுக்கு அந்த வரம்பு வந்தது. ஆனாலும் அந்த எண் பொருந்தித்தான் போனது. பதினாறு பேருக்குள் இருவர் இருவராக எண்ணினால் 120 உறவுகள். இருபது பேர் என்றால் 190. நாலு பேர் அதிகமானதற்கே உறவுகள் எழுபது ஏறிவிடுகின்றன. யாருக்கு யாரோடு மனக்கசப்பு என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கக்கூடிய எல்லை கிட்டத்தட்ட அங்கேதான் முடிகிறது.

இந்த வகைக் குழு எப்படிப் பிறந்தது என்பது உங்கள் கேள்விக்கே பாதிப் பதில். 1980களின் நடுவில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் ஏழைகளுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. தலைவர்கள் மேல் நம்பிக்கை போய்ச் சங்கங்கள் உடைந்தன. உடைந்த இடத்தில் உறுப்பினர்கள் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, வாங்கிய கடனை உங்களிடமே திருப்பித் தருகிறோம், சங்கத்திடம் தரமாட்டோம் என்றார்கள். அந்தப் பணத்தை உங்கள் கூட்டத்துக்குள்ளேயே வைத்துச் சுற்றுக்கு விடுங்கள் என்றது மைராடா. இன்றைய குழுவின் தொடக்கம் இதுதான். யாரோடு யார் சேர்வது என்பதை எந்த அலுவலரும் எழுதித் தரவில்லை. முன்பே கைமாற்று வாங்கிப் பழகியவர்கள், ஒரே வேலைக்குப் போகிறவர்கள், ஒரே தண்ணீர்க்குழாயில் நிற்பவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 1987ல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு மைராடாவுக்கு நிதி கொடுத்தது. 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தமிழ்நாடு அரசின் திட்டம் தொடங்கியது. 1992ல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்க முனைந்தது. 1997-98ல் மகளிர் திட்டம் வந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

பரவும்போது ஒன்று நடந்தது. எண்ணிக்கைக்கு இலக்கு வந்ததும் குழுக்கள் பட்டியலிலிருந்து பிறக்க ஆரம்பித்தன. ஆள் குறைந்தால் பக்கத்துத் தெருவில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் மேலத்தெரு ஐவர் அப்படி வந்தவர்களா என்று பாருங்கள். அதற்கு எளிய சோதனை உண்டு. ராத்திரி பத்து மணிக்கு அவசரமாக 500 ரூபாய் வேண்டுமென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, பெயர்களைக் கோடு போட்டு இணையுங்கள். கோடுகள் இரண்டு தனித்தனி வலைகளாக விழுந்து நடுவில் ஒரு கோடும் இல்லாவிட்டால், உங்களிடம் இருப்பது ஒரே பாஸ்புக்கில் இரண்டு குழுக்கள். நடுவில் இரண்டு மூன்று கோடுகள் இருந்தால் பிரச்சினை தெருவால் வந்தது அல்ல. எல்லோரும் எல்லோரையும் விரும்ப வேண்டிய அவசியமில்லை.

எது உங்களை இரண்டரை வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் கூட வைத்தது என்று யோசியுங்கள். ஒற்றுமை என்று சொல்லிவிடுவோம், ஆனால் வேலை செய்தது அதைவிடச் சின்ன விஷயம். பெட்டியில் இந்த வாரம் 3,000 ரூபாய் இருக்கிறது, கேட்பவர்கள் மூன்று பேர். ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஒருவருக்கு ஆட்டுக்குட்டி, ஒருவருக்கு அடகு நகையின் வட்டி. யாருக்குக் கொடுப்பது? இதைப் பேசித்தான் முடிவெடுக்க முடியும். பேசுவதற்கு ஒவ்வொருவர் வீட்டு நிலையும் தெரிய வேண்டும். கிடைக்காதவர் அடுத்த வாரம் தமக்குக் கிடைக்கும் என்பதற்காக வருவார், கிடைத்தவர் கட்டுவதற்காக வருவார். குழு என்பதே இந்த முடிவெடுப்புதான். அது இருக்கும்வரை சண்டையும் இருக்கும், குழுவும் இருக்கும்.

வங்கிக் கடனைச் சமமாகப் பிரித்த அன்று முடிவெடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அடுத்த 24 மாதத்துக்கு ஆளுக்கு அசல் 1,250 ரூபாயும் வட்டியும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எதற்குக் கூட்டம்? சண்டை வரக் கூடாது என்று செய்தது, சந்திக்கும் காரணத்தையே எடுத்துவிட்டது. ஏராளமான குழுக்கள் இதே இடத்தில்தான் விழுகின்றன.

அதோடு இன்னொன்றும் நடந்திருக்கும். 30,000 தேவைப்படாதவர்கள் பதினாறு பேரில் சிலராவது இருப்பார்கள். அவர்கள் தங்கள் பங்கைத் தேவைப்பட்டவருக்கு மூன்று வட்டிக்குக் கைமாற்றியிருப்பார்கள். நோட்டில் பதினாறு பேர் ஆளுக்கு 30,000 கடன்காரர்கள். நிஜத்தில் ஒருவர் தலையில் நான்கு பங்கு, அதாவது 1,20,000 ரூபாய். அவர் ஒரு மாதம் தவறினால் அசலில் மட்டும் 5,000 குறைகிறது. நோட்டின்படி நாலு பேர் தவறியிருக்கிறார்கள், ஆனால் அந்த நாலு பேரில் மூன்று பேர் வாயைத் திறக்க முடியாது. குழு இப்படித்தான் ஊமையாகிறது. ஆகவே முதல் வேலை, யார் பங்கு யாரிடம் இருக்கிறது என்பதை வெளிப்படையாகக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொள்வது. குற்றம் சொல்ல அல்ல, மீதித் தவணையை உண்மையான கடன்காரர் பெயருக்கு மாற்றுவதற்கு. மூன்று வட்டியில் எடுத்த அந்த மேல்வட்டியைத் திருப்பிக் கேட்காமல் விட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஊக்குநர் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடமாக ஒருவரே இருப்பதைப் பார்த்ததும் பதவி ஆசை என்று தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு. அவர் ஒருவருக்குத்தான் கணக்கு எழுத வரும், வங்கி மேனேஜருக்கு அவர் முகம்தான் தெரியும், பஸ் செலவையும் வேலை கெட்ட நாளின் கூலியையும் அவரே தாங்குகிறார். அவரை மாற்றச் சொன்னால் அடுத்தவர் தயங்குவதும் இதனால்தான். எனவே ஆளை மாற்றுவதற்கு முன் வேலையை மூன்றாகப் பிரியுங்கள். பணத்தை எண்ணி வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், கூட்டத்தை நடத்துபவர் ஒருவர். எழுதுபவருக்குக் கூட்டத்துக்கு இவ்வளவு என்று சிறு தொகை கொடுக்கலாம். வங்கிக்கு யார் போனாலும் பஸ் செலவு பொதுவிலிருந்து. பிறகு ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும் ஒரே நாளில் மாற்றாமல், ஆறு மாத இடைவெளியில் ஒவ்வொருவராக மாற்றுங்கள். ஒரே நாளில் மூவரையும் மாற்றிய குழுக்களில் பழைய கணக்கு எங்கே நின்றது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகல் கேட்பார்கள். மாற்றம் முடியும்வரை பழைய கையெழுத்துதான் செல்லும் என்பதால் பழையவரைக் கோபப்படுத்திவிட்டு வங்கிக்குப் போகாதீர்கள்.

நோட்டு ஒருவர் வீட்டில் இருப்பதில் தவறில்லை, எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். அது வாசிக்கப்படாமல் இருப்பதுதான் தவறு. கூட்டம் தொடங்கியதும் போன கூட்டத்து இருப்பு, ஒவ்வொருவர் சேமிப்பு, ஒவ்வொருவர் கடன் பாக்கி என மூன்றையும் உரக்க வாசிக்க வேண்டும். பதினாறு பேருக்கு ஐந்து நிமிடம் ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கள் தங்கள் பாக்கியைப் பைசா சுத்தமாக மனதில் வைத்திருப்பார்கள். வாசித்தால் தப்பு அங்கேயே பிடிபடும். வாசிக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் ஆறு மாதத்துத் தப்பு சேர்ந்துதான் வெளியே வரும். அப்போது அது தப்பாகத் தெரியாது, திருட்டாகத் தெரியும்.

அபராதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர், 2009ல் பொருளாதார நோபல் பெற்றவர், நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கும் பாசனக் குழுக்களையும் மேய்ச்சல் நிலக் குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தண்டனை படிப்படியாக ஏற வேண்டும், முதல் தண்டனை மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. ஸ்பெயினில் வாலென்சியாவின் பாசனக்காரர்கள் இன்றும் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலய வாசலில் கூடித் தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரிக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பழைய பதிவுகளில் தண்டத் தொகைகள் சொற்பமானவை. நீ மீறியது எங்களுக்குத் தெரியும் என்று சொல்வதற்கு அந்தச் சொற்பம் போதும். உங்கள் குழுவில் வராததற்கு 5 ரூபாய், சொல்லாமல் தவணை தவறினால் 10, இரண்டாவது தடவை 20, மூன்றாவது என்றால் புதுக் கடன் ஆறு மாதம் நிறுத்தம் என்று இருக்கலாம். முதலிலேயே 200 ரூபாய் என்று போட்டால் யாரும் வசூலிக்க மாட்டார்கள், ஒரு தடவை வசூலிக்காத விதி செத்த விதி. முன்கூட்டி வந்து, இந்த மாதம் கூலி வரவில்லை என்று சொன்னவருக்கு அபராதம் வேண்டாம், தவணையை அடுத்த மாதத்தோடு சேர்த்து எழுதுங்கள். ஊக்குநர் தாமதமாக வந்த அன்று அவரிடம்தான் முதலில் 5 ரூபாய் வாங்க வேண்டும்.

மருமகள் விஷயம். ஆட்கள் மாறியும் ஒரு கூட்டம் எப்படி அதே கூட்டமாக நீடிக்கிறது என்று கியோர்க் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் நூறு வருடங்களுக்கும் முன்பே யோசித்திருக்கிறார். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும், எப்போதும் பழையவர்கள் புதியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது அவர் பதிலின் சாரம். பதினாறில் வருடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் புதிதாக வேண்டாம். மாமியார் வெளியே போய் மருமகள் வருவதில் ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் என்ற விதியும் கெடவில்லை. ஆனால் மாமியாரின் பங்கு அப்படியே மருமகளுக்குப் போகுமா என்பதை இப்போதே எழுத்தில் தீர்மானியுங்கள். போகலாம் என்பது என் கருத்து, அந்த அம்மாவின் கையெழுத்தோ கைநாட்டோ தீர்மான நோட்டில் இருக்க வேண்டும். இருவருக்கும் உறவு கெட்டுப்போன பிறகு கேட்டால் கிடைக்காது.

முற்றிலும் வெளியாள் வந்தால் கணக்கு வேறு. மாதம் 200 வீதம் 48 மாதத்தில் ஒருவர் சேமிப்பு 9,600. பதினாறு பேருக்கு 1,53,600. உள்கடன் வட்டியில் 62,400 சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,16,000, ஆளுக்கு 13,500. புதியவர் 200 ரூபாயோடு வந்து உட்கார்ந்தால் மற்றவர்களின் நான்கு வருட உழைப்பில் அவருக்கும் பங்கு வந்துவிடும். 13,500ஐயும் ஒரே தடவையில் கேட்டால் ஏழை யாரும் வர மாட்டார். நல்ல வழி, ஒவ்வொரு மார்ச் மாதமும் கணக்கை முடித்து, வட்டி லாபத்தை அவரவர் பாஸ்புக்கில் பங்காக எழுதிவிடுவது. பணத்தை எடுக்க வேண்டாம், எழுதினால் போதும். புதியவர் பூஜ்யத்தில் தொடங்குவார், அவர் பங்கு அவர் கட்டிய விகிதத்தில் வளரும். வெளியே போகிறவருக்கு எவ்வளவு என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்கிறார்கள். அங்கே 1991ல் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிவைத்த பெண்கள் சேமிப்புக் குழு முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பரவிய வடிவத்தில் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம். வருடம் ஒரு தடவை கடன் எல்லாவற்றையும் வசூலித்து, பெட்டியைக் காலி செய்து பங்கு பிரித்துவிடுவார்கள். அடுத்த வாரம் விரும்புகிறவர்கள் மறுபடி சேர்ந்து முதலிலிருந்து தொடங்குவார்கள். பிடிக்காதவர் சண்டை போடாமல் விலகிக்கொள்ள வருடம் ஒரு கதவு திறக்கிறது. நம் ஊரில் வங்கிக் கடன் இருப்பதால் பெட்டியைக் காலி செய்ய முடியாது. மார்ச் கணக்கை அந்தக் கதவாக வைத்துக்கொள்ளலாம், வெளியேற விரும்புகிறவர் அந்த மாதத்தில் மட்டும் சொல்ல வேண்டும் என்று.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் ஐவர் போக விரும்பினால் போகட்டும். தடுத்து வைத்த ஐந்து பேர் தவணையைத்தான் ஆயுதமாக எடுப்பார்கள். ஆனால் வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருக்கிறது, அதை முடிக்காமலோ வங்கியின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமலோ பிரியக் கூடாது. ஐவர் மட்டும் தனிக் குழுவாகவும் முடியாது. சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு பேராவது கேட்பார்கள், ஆகவே அவர்கள் முதலில் ஆள் தேடட்டும், அதற்கே சில மாதங்கள் ஆகும். இடையில் மனம் மாறினாலும் மாறலாம்.

பங்கைப் பிரிக்கும்போது பணம் பெட்டியில் இருக்காது, கடனாக வெளியே இருக்கும். மேலே சொன்ன கணக்கில் ஐவரின் பங்கு 67,500. அவர்கள் ஐந்து பேரும் வாங்கிய உள்கடன் பாக்கி மொத்தம் 52,000 என்று வைத்துக்கொண்டால், முதலில் ஒவ்வொருவர் பாக்கியையும் அவரவர் பங்கில் கழியுங்கள். ஒருவர் பாக்கி அவர் பங்கைவிட அதிகமாக இருந்தால் மீதியை அவர் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும், மற்ற நால்வர் பங்கில் அதைக் கழிக்கக் கூடாது. அப்படி யாரும் இல்லையென்றால் கையில் கொடுக்க வேண்டியது 15,500தான். அதையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியதில்லை, மூன்று மாதத் தவணையில் கொடுக்கலாம். தேதிகளைத் தீர்மான நோட்டில் எழுதி, போகிறவர்கள் ஐவரும் இருப்பவர்கள் பதினொருவரும் ஒரே பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.